தளபதி கரிகண்டனின் கொசுவம்

ஆழிக்கோட்டைத் தளபதி கரிகண்டன் மதிலிலிருந்து கடலில் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு, அவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள டிவி முன்னால் உட்கார்ந்தால், அங்கே சமையல் போட்டி நடந்துகொண்டிருந்தது. நடிகருக்கும் தயாரிப்பாளருக்கும் ஏதோ சண்டையாம், சீரியலை நிறுத்திவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பாகம் பார்த்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனிதர் விழுந்தபடியே கிடந்தார். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் நானே இறங்கி அவரைக் கரைசேர்த்தேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கடலில் இறங்கும் வயதில்லை என்பதால் ஃபோனில் இறங்கினேன். நின்றுபோன சீரியல்களை ரசிகர்களே தொடர்ந்து எழுதும் ஆப் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். வாசிப்பவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூட. பெயர் கேட்டது, மல்லிகாதேவி என்று போட்டேன். வயது கேட்டது, இருபத்தெட்டு என்று போட்டேன். பொய் சொல்கிறோமே என்று உறுத்தவில்லை. எனக்கு அது பழக்கம்.

பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ழூல் செபாஸ்தியன். காரைக்காலில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் வீடு. அப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், ஆகவே நானும் பதினெட்டு வயதில் புறப்பட்டுப் போய் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் சொல்தாவாக இருந்தேன். சிப்பாய்க்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தெருவில் என்னை முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா. ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில் எங்கள் கம்பெனியில் ஓர் ஒட்டகம் கார்ப்பொராலாகப் பதவி உயர்ந்தது. நான் அதற்குக் கீழே. தினம் காலையில் சல்யூட் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் துப்பும். இதை முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். எதிர்வீட்டு சுப்பையன், மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த ஒட்டகத்துக்குப் பென்ஷன் உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். உண்டு, என்னைவிட அதிகம் என்பேன். அவர் தலையாட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒட்டகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் பேசியதில்லை. எனக்குப் புடவை கட்டிக்கொள்ளப் பிடிக்கும்.

ராணுவத்தில் எனக்குத் தையல் பிரிவு. அதனால் ரவிக்கைக்காக வெளியே போய் நிற்க வேண்டியதில்லை. புடவை எடுக்கும்போது பிரான்சில் மார்செய்யில் இருக்கும் அண்ணன் மகளுக்கு என்பேன். கொஞ்சம் வாட்டசாட்டமான பெண், மாநிறம், கருநீலம் எடுப்பாக இருக்கும் என்று சொன்னால் கடைக்காரரே பிரித்துப் போடுவார். எனக்கு அண்ணன் கிடையாது. அந்த இல்லாத அண்ணனின் மகளிடம் இப்போது பதினேழு புடவை இருக்கிறது.

என் மனைவி ஆமெலிக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் வருடம் பார்த்துவிட்டாள். மறுநாள் தன் ஊக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து அலமாரியில் வைத்தாள். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

மீசையை எடுத்துவிட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. மீசையும் எனக்குப் பிடிக்கும். பெண்ணாக ஆக வேண்டும் என்று நான் ஏங்கியதில்லை. ஆணாகப் பிறந்ததில் புகாரும் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, ஐந்தரை மீட்டர் துணியை இடுப்பில் சுற்றி முந்தானையைத் தோளில் போட்டதும், சுவரில் கோணலாகத் தொங்கிய படத்தை யாரோ நேராக்கிவிட்டுப் போன மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த விளக்கம் இவ்வளவுதான்.

கஷ்டமெல்லாம் கதவில் இருந்தது. யாராவது தட்டினால் நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் உருவிப்போட்டு வேட்டிக்கு மாறிப் போய்த் திறப்பேன். தபால்காரர், கேஸ் சிலிண்டர், கோவில் திருவிழா வசூல், யாராக இருந்தாலும் நாலு நிமிடம். யோசித்துப் பார்த்தால் ஐம்பது வருடத்தில் ஒரு சாயங்காலம்கூடப் புடவையை நானாகக் கழற்றியதில்லை. ஒன்று கதவு கழற்றியது, இல்லாவிட்டால் கதவு தட்டிவிடுமோ என்ற பயம் கழற்றியது. ஒரே ஒரு நாளாவது, தட்டினாலும் கழற்றாமல் இருந்து பார்த்துவிட வேண்டும். எனக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். ராணுவத்தில் இருந்தவனுக்கு அதற்கா துணிச்சல் இல்லை என்று கேட்டால், நான் இருபத்திரண்டு வருடமும் தையல் மிஷினுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் அத்தியாயத்தில் கரிகண்டன் ஒரு மீனவர் குப்பத்தில் கரை ஒதுங்கினார். கவசம், வாள், கச்சை எல்லாம் கடலோடு போய்விட்டது. குப்பத்துப் பெண் ஒருத்தி தன் புடவையைக் கொடுத்தாள், கட்டிக்கொண்டார். மறுநாள் அவருக்காக வேட்டி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் அதை வாங்கி, மடித்து, தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். புடவையை மாற்றவில்லை.

இதை எழுதிவிட்டு ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

வாசகர்கள் பதறவில்லை. சீரியலில் ஆண் புடவை கட்டினால் ஒன்று சிரிப்புக்கு, இல்லாவிட்டால் ஒற்று வேலைக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த எதிரியை ஏமாற்ற இந்த வேஷம் என்று ஆவலாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டார்களே என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் எதிரியைக் கொடுத்தேன். எதிரி செத்ததும், இன்னும் ஏன் புடவை என்றார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு முனிவரின் சாபம். சாபம் தீர்ந்ததும் எட்டாம் அத்தியாயத்தில் குலதெய்வத்துக்கு வேண்டுதல், நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தெட்டு நாள் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது கதை எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது முடியும் தேதியையும் கேட்கிறார்கள்.

இதில் ஒருவர் மட்டும் விடாக்கண்டர். கோட்டைக்காவலன் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அத்தியாயம் போட்டவுடன் முதல் ஆளாக வந்து, "இந்த வாரம் கழற்றிவிடுவாரா?" என்று கேட்பார். வேறு ஒன்றும் எழுத மாட்டார். சேலம் பக்கம், லாரி ஆபீஸ், முறுக்கிவிட்ட மீசை, முரட்டுக் குரல் என்று ஆளை நான் மனதுக்குள் செய்து வைத்திருந்தேன். அவரும் அந்த ஆப்பில் எழுதினார். மதிலின் மேல் தன்னந்தனியாக நடந்துகொண்டே இருக்கும் ஒரு காவல்காரனைப் பற்றிச் சின்னச் சின்னக் கதைகள். நன்றாக இருக்கும். அது வேறு எரிச்சல்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் எனக்குக் காரணங்கள் தீர்ந்துவிட்டன. அதனால் கரிகண்டன் புடவை கட்டுவதை மட்டும் எழுதினேன். முந்தானை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கொசுவத்தை விரல் விரலாக மடிப்பது, ஒரு மடிப்பு நழுவினால் மொத்தத்தையும் உதறிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது, பகலெல்லாம் பாவாடை நாடா இறுக்கி இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி விழுந்திருப்பது, அவிழ்த்ததும் அந்த வரியைச் சொறிந்துகொள்வதில் உள்ள சுகம். கடைசியில் குப்பத்துப் பெண் அவரைக் கேட்கிறாள், எதற்காக இது என்று. கரிகண்டன் சொல்கிறார்: "இப்படி இருந்தால், நான் இருக்கிற மாதிரி இருக்கிறது."

என் வாழ்நாளில் நான் வெளியே சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். ஒரு பொய்யன் சீரியல் தளபதியின் வாயால்தான் உண்மை பேச முடியும் என்றால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் இருநூறு பேர் என்னை விட்டுப் போனார்கள். அறுநூறு பேர் இருந்தார்கள். ஆனால் வேறொன்று நடந்தது. அதுவரை கண்ணாடி முன்னால் முந்தானையைச் சரிசெய்யும்போது, அகப்பட்டுக்கொண்டவன் மாதிரி ஒரு கண்ணை வாசல் பக்கம் வைத்திருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு கண்ணும் கண்ணாடியில் இருந்தன. கரிகண்டன் அப்படித்தான் நிற்பார் என்று நான்தான் எழுதியிருந்தேன். எழுதியவன் எழுதினபடி நிற்க வேண்டாமா.

பதினான்காம் அத்தியாயத்தில்தான் தப்பு நடந்தது.

கரிகண்டன் புடவையோடு ஆழிக்கோட்டைக்குத் திரும்புகிறார். அங்கே கிழட்டு வீரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஓலைக்கணக்கர் முன்னால் நேரில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். கணக்கர் ஏற இறங்கப் பார்த்து, "இவன் உயிரோடிருக்கிறான்" என்று எழுதி முத்திரை வைப்பார். ஓலை தாமதமானால் ஆள் செத்தவன், அரண்மனை நெல் நின்றுவிடும். வரிசையில் ஒரு கிழவர் தான் உயிரோடு நிற்பதாக எவ்வளவு சொல்லியும், போன மாதமே செத்துவிட்டதாக ஏட்டில் இருக்கிறதே என்று வருத்தப்படுகிறார் கணக்கர்.

இதை நான் கற்பனை என்று நினைத்து எழுதவில்லை. உலகத்து ராஜாக்கள் எல்லோரும் வயதான சிப்பாயை இப்படித்தான் நடத்துவார்கள் என்று நினைத்துவிட்டேன். காரைக்காலில் சொல்தா வீட்டில் பிறந்தவனுக்கு இது வெயில், மழை மாதிரி. தாத்தா போய் நின்றார், அப்பா போய் நின்றார், நானும் நிற்கிறேன். பிரான்சிலிருந்து வருடா வருடம் படிவம் வரும். அதிகாரி முன்னால் நின்று, உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கடையில் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நாம் செத்துவிட்டோம் என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

மதுரையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருந்து வாசகர்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். இப்படி ஒரு வழக்கத்தை எங்கே ஆராய்ந்து பிடித்தீர்கள் என்றார் ஒருவர். எந்தக் கல்வெட்டு என்று கேட்டார் இன்னொருவர். எண் இப்போது கைவசம் இல்லை என்று பதில் போட்டேன். அப்போது கோட்டைக்காவலன் வந்தார். அன்றைக்கு மட்டும் வழக்கமான கேள்வி இல்லை. "முத்திரை பாதிதான் விழுந்திருந்தால் ஓலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே, அதையும் எழுதியிருக்கலாம்."

போன வருடம் எனக்கு அப்படித்தான் திரும்பி வந்தது.

லாரி ஆபீஸ் மீசைக்காரர் சேலத்திலிருந்து கிளம்பி எங்கள் ஊருக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்தது. யாராக இருக்கும் என்று ஒரு வாரம் தெருவில் போகிற வருகிற மீசைகளை எல்லாம் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் இந்த வருடத்துப் படிவம் வந்துவிட்டது. முத்திரை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் நஜீபாவின் கடைக்குப் போனேன்.

நஜீபாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடைத்தெருவில் நகல், ஸ்கேன், ஆன்லைன் வேலை எல்லாம் செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறார். கணவர் அஜ்மீர் ஷார்ஜாவில். ஊரில் பாதி சொல்தா வீட்டுப் படிவங்கள் அவர் கையால்தான் பிரான்சுக்குப் போகின்றன. யார் உயிரோடிருக்கிறார்கள் என்பது அந்த அரசாங்கத்துக்கு முன்னால் அவருக்குத் தெரியும். படிவத்தை வாங்கி மிஷினில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். திரும்பாமலே சொன்னார்:

"முத்திர இந்த வருசம் முழுசா விழுந்திருக்கு, மல்லிகாதேவி."

அது யார் என்று கேட்டேன். அது ஓர் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, நன்றாக எழுதும் என்றார். உடனே எனக்கு வாய் திறந்துகொண்டது. மார்செய்யில் என் அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள், இந்த மாதிரி எழுதுவதாகக் கேள்வி, படிவத்தைப் பற்றி நான்தான் அவளிடம் சொன்னேன், அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். நஜீபா கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, ஸ்டூலைத் தள்ளி என்னை உட்காரச் சொன்னார்.

"முசே, ஓலையப் பாத்ததும் ஊரு தெரிஞ்சுபோச்சு. எந்த வூட்டுப் பொம்பளையா இருக்கும்னுதான் ஒரு வாரம் யோசிச்சேன். அப்பறம் பதினஞ்சாவது அத்தியாயத்துல ஒட்டகத்துக்குப் பதவி குடுத்தீங்க."

கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் கோட்டைக்குள் ஓர் ஒட்டகம் சும்மா நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கதை எழுதுறது தப்பா?" என்றேன்.

"தப்புன்னு யாரு சொன்னா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒம்பதாவதுல பாவாட நாடா வரிய எழுதியிருக்கீங்க. அவுத்துட்டுச் சொறியிற சொகம். நான் முப்பது வருசமா பொடவ கட்டுறேன், அத ஒருத்தரும் எழுதி நான் படிச்சதில்ல. பாத்து எழுதுறவங்களுக்கு அது வராது, முசே."

நான் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு ஒன்று எரிந்து எரிந்து அணைந்தது. எழுபத்திரண்டு வருடத்தில் எனக்குப் பொய் வராத நிமிடம் அது ஒன்றுதான்.

"முத்திர பாதி விழுந்தத எழுதுனது நீங்கதானா," என்றேன் கடைசியில். "வெள்ளிக்கிழமையானா கழட்டுவாரா கழட்டுவாரான்னு என் உயிர எடுக்குறதும் நீங்கதானா."

"கழட்டிடுவாரோன்னு பயம். மத்தியானம் சோறு எறங்காது எனக்கு."

மதில்மேல் நடக்கிற காவல்காரனை ஏன் ஆணாக எழுதுகிறார் என்று கேட்டேன். பெண்ணாகத்தான் முதலில் எழுதிப் பார்த்தாராம். வாசகர்கள் ஒவ்வொருவராக வந்து, தனியாக நடக்கிறாளே, துணைக்கு ஓர் இளவரசனை அனுப்புங்கள் என்று கேட்டார்களாம். "எனக்கு நடக்கத்தான் ஆச, முசே. பேச்சுத்தொண வேணாம். அந்தக் காவல்காரனா இருக்கும்போது நான் அகலமா கால வச்சு நடக்குறேன். இங்க ஒக்காந்துக்கிட்டேதான். ஆனா நடக்குறேன்."

அதற்குள் திருநள்ளாற்றுக்கு வந்த கூட்டத்தில் நாலு பேர் லாட்ஜுக்கு ஆதார் நகல் வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டார்கள். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினேன்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நடுக்கம்தான் வந்தது. அறுநூறு பேருக்கு மல்லிகாதேவியைத் தெரிவது ஒன்று. கடைத்தெருவில் ஒருவருக்கு ழூலைத் தெரிவது வேறு. நஜீபா யாரிடமும் சொல்ல மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தும் பதினேழு புடவையையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை அத்தியாயம் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. நாலு மணி வரும், முகம் கழுவுவேன், வேட்டியோடு உட்கார்ந்திருப்பேன், மணி ஐந்தாகும். வேட்டி ஒன்றும் செய்யவில்லை, பாவம். படம்தான் கோணலாகத் தொங்கியது.

மூன்றாம் வாரம் ஆப்பைத் திறந்தேன். மல்லிகாதேவி உயிரோடிருக்கிறாரா என்று கேட்டிருந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை நிரூபித்தால் போதும், வாசகர்களுக்கு வாராவாரம். ஒருவர் அஞ்சலிக் கவிதையே எழுதிவிட்டார், சுமாராக இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. மல்லிகாதேவி இனி வரமாட்டார் போலிருக்கிறது, கதையை நானே முடிக்கிறேன் என்று ஓர் ஆள் அறிவித்திருந்தார். அரசன் சபையில் கரிகண்டன் வெட்கப்பட்டுப் புடவையைக் கழற்றி எறிவாராம். வாளை எடுப்பாராம். இளவரசியைக் கட்டிக்கொள்வாராம். வெள்ளிக்கிழமை வெளியீடு. நானூறு பேர் கை தட்டியிருந்தார்கள்.

அன்று வியாழக்கிழமை. மணி மூன்றரை.

வெட்கப்பட்டு என்ற வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மனிதரைக் கடலிலிருந்து தூக்கி, பதினைந்து அத்தியாயம் தலை நிமிர்ந்து நடக்க வைத்தவன் நான். அவருக்காக என்று நினைத்துக்கொண்டுதான் சர்க்கரையைக் கொட்டிச் சாவியை எடுத்தேன். கருநீலத்தைக் கட்டினேன். மூன்று வாரத்தில் கை மறந்துவிட்டது, கொசுவம் இரண்டு தடவை நழுவியது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். சபை கூடியிருக்கிறது. அரசன் அதிகாரமாகக் கேட்கிறான், காரணத்தைச் சொல் அல்லது கழற்று என்று. கரிகண்டன் வாயைத் திறக்கிறார்.

கதவு தட்டியது.

என் கை தானாகத் தோளுக்குப் போய் ஊக்கைப் பிடித்துக்கொண்டது. ஐம்பது வருடப் பழக்கம், எனக்கு முன்னால் அது எழுந்துவிட்டது. மறுபடி தட்டினார்கள். ஃபோனில் கரிகண்டன் வாயைத் திறந்தபடி நிற்கிறார். நான் இப்போது ஊக்கை எடுத்துவிட்டு, அதன் பிறகு வந்து உட்கார்ந்து அவரிடம் கழற்றாதே என்று சொன்னால் அந்த மனிதர் என்னைப் பற்றி என்ன நினைப்பார். இதை நான் நிஜமாகவே யோசித்தேன். நம்பாவிட்டால் போங்கள். கையைத் தோளிலிருந்து எடுத்தேன். அது கொஞ்சம் கனமாக இருந்தது. போய்க் கதவைத் திறந்தேன்.

பர்தாவில் நஜீபா நின்றிருந்தார். ஏற இறங்கப் பார்த்தார். நிதானமாக, பாதத்திலிருந்து மீசை வரைக்கும்.

"மூணு வாரமா ஆளக் காணும், ஹயாத்தோட, உசுரோட இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசு விழுந்த மாதிரி. "இருக்கீங்க. கொசுவம்தான் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கு."

உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனேன்.

"தொறந்து கெடக்கட்டும், முசே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண், தனியாக இருக்கிற ஓர் ஆண்பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கதவைச் சாத்த முடியாது. ஊர் முறை அப்படி. சாத்தினால் அவர் பெயர் கெடும், திறந்து வைத்தால் என்னுடையது. ஒரு நிமிடம் அவர் முகத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு கதவை நன்றாக அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். அரசன் காரணம் கேட்கிற இடத்தில் கரிகண்டன் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டார். காரணம் இல்லை என்று சொல்லப் போகிறார் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். அப்படியானால் கரிகண்டன் சபையை விட்டு வெளியே வரும்போது வாசலில் நிற்கிற காவல்காரனைப் பற்றி மட்டும் இரண்டு வரி தான் எழுதட்டுமா என்று நஜீபா கேட்டார். ஃபோனை நீட்டினேன். அவர் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுப்பையன் தெருவைக் கடந்து, மாலைப் பேப்பர் கேட்க வழக்கம்போல வந்து, கதவு திறந்திருந்ததால் தட்டாமல் நேராக உள்ளே நுழைந்தார். இரண்டாவது எட்டில் நின்றுவிட்டார்.

என்னைப் பார்த்தார், நஜீபாவைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னா முசே இது?" என்றார். அவருக்கு எப்போதும் பெரிய குரல்.

நல்ல நல்ல காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. கோவில் நாடகம். மருத்துவர் சொன்ன வைத்தியம். பிரான்சில் இன்றைக்கு ஏதோ பண்டிகை. இதைவிட லட்சணமான பொய்களை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"பொடவ, சுப்பையன். புடிச்சிருக்கு, கட்டியிருக்கேன்."

"எத்தினி நாளா?"

"அம்பது வருசமா."

தெருவில் ஒரு பைக் போனது. நஜீபா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் விரல் நின்றுவிட்டது. சுப்பையன் வாசல் படியில் பாதி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அதான் கதவத் தட்டுனா தொறக்க அத்தன நேரமாவுதா," என்றார். "ஒங்களுக்குக் காது மந்தம்னுல்ல நெனச்சேன். இத்தினி வருசமா தொண்ட கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றேன்.

"எனக்கு ஒன்னும் புரியல, முசே," என்றார். இதை மெதுவாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் மெதுவாகப் பேசியது அன்றுதான். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது, கொஞ்சம் கரகரப்பாக, நன்றாகவே இருந்தது. பிறகு பேப்பரை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகாமல் படியிலேயே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தார். புரியாதவர்கள் செய்யக்கூடியதில் அது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

நஜீபா எழுதிய இரண்டு வரி இதுதான்: காவல்காரன் கரிகண்டனை எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அகலமாக இரண்டு எட்டு வைத்து விலகி நின்று, கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்காமல் அப்போதே வெளியிட்டோம். அத்தியாயத்துக்குக் கீழே கோட்டைக்காவலனாக முதல் ஆளாக வந்து, இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் போகப் போவதாகச் சொல்லிவிட்டு நஜீபா தன் மகளுக்கு டிபன் செய்யக் கிளம்பினார். சுப்பையனும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து போனார். பேப்பரைத் திருப்பித் தரவில்லை.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெருவில் போனவர்களில் இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருத்தி நின்று பார்த்தாள், ஒருவர் வேகமாகப் போனார். ஆறு மணி ஆனது, ஏழு ஆனது, எழுந்து தோசை சுட்டுச் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு டிவியில் சமையல் போட்டி வந்தது, அதையும் பார்த்தேன். ஒன்பதரைக்குத் தூக்கம் வந்தது. அப்போது நானாகக் கழற்றினேன்.